ஊருக்கே தெரிந்த எல்லை

கான்ஸ்டன்ஸ் வரைபடம் வரையத் தொடங்கியதற்கு ஒரு சாக்லெட் கேக்தான் காரணம். அவர் வீட்டில் செய்து விற்கும் கேக்குகளில் ஒன்று, ஜெராமில் ஒரு பிறந்தநாளுக்குப் போக வேண்டியது. அதை வாங்கிப் போக மோட்டார் சைக்கிளில் கிளம்பிய டெலிவரிக்காரர் போன் செய்தார்.

“ஆன்ட்டி, வந்துட்டேன். கேட்டுக்கு வெளியதான் நிக்கிறேன்.”

கான்ஸ்டன்ஸ் எட்டிப் பார்த்தார். கேட்டுக்கு வெளியே பக்கத்து வீட்டு நல்லசாமியின் கோழி மட்டும்தான் நின்றது.

“எந்தக் கேட்டுப்பா? பக்கத்துல என்ன இருக்கு, சொல்லு.”

“நிறைய சிலுவ இருக்கு ஆன்ட்டி. ஆளுங்கதான் யாரும் இல்ல.”

டெலிவரிக்காரர் கைப்பேசியிலிருந்த வரைபடம், கான்ஸ்டன்ஸ் குடியிருக்கும் தாமான் மெலோர் குடியிருப்பின் கடைசி வரிசை வீடுகளை அப்படியே தூக்கிப் பழைய தோட்டத்துக் கல்லறைக்குள் வைத்திருந்தது. அன்று அந்தக் கேக் ஒருவழியாக ஜெராம் போய்ச் சேர்ந்தது. மேலே இருந்த ரோஜாக்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்துபோயிருந்தன என்று கேள்வி.

ஷா ஆலாமில் வேலை பார்க்கும் மகள் விவியனிடம் இதைச் சொல்லிப் புலம்பியபோது அவள் சிரித்துவிட்டு, “எல்லாரும் சேர்ந்து வரையற மேப் ஒண்ணு இருக்கும்மா. யார் வேணும்னாலும் திருத்தலாம். நம்ம வரிசைய நீங்களே கல்லறையிலருந்து வெளிய கொண்டு வாங்களேன்” என்றாள்.

வேறு யாராவது என்றால் அந்தப் பேச்சை அத்தோடு மறந்திருப்பார்கள். கான்ஸ்டன்ஸ் அப்படிப்பட்டவர் இல்லை. ஈஜோக் பக்கத்துத் தோட்டம் ஒன்றின் தொழிலாளர் லயத்தில் பிறந்தவர். தோட்டத்தை விற்று வீடமைப்புப் பகுதியாக்கியபோது, அதே மண்ணில் எழுந்த தாமான் மெலோருக்குக் குடிவந்தவர். முட்டிவலி வரும்வரை கையுறைத் தொழிற்சாலையில் வேலை. காற்றடித்து உப்பவைத்த கையுறைகளில் ஓட்டை இருக்கிறதா என்று பார்த்துப் பார்த்து ஒதுக்கும் வேலை. அந்தப் பழக்கம் தொழிற்சாலையோடு நின்றுவிடவில்லை. தேவாலய அறிவிப்புத் தாளில் ஜெப வீட்டுக்கு வழி தப்பாகப் போட்டிருந்தால், பூசை முடிவதற்குள் பேனாவால் திருத்தி அடுத்த வரிசைக்குக் கொடுத்துவிடுவார். கேக் செய்யும்போது மாவைக் கண்ணளவில் போட்டு அவர் வீட்டில் யாரும் பார்த்ததில்லை.

முதலில் தன் வரிசையைச் சரிசெய்தார். பிறகு பின்சந்து, சீனர் கடை, முனீஸ்வரர் கோயில், பால்வாடி. மூன்றாம் மாதம் தாமானில் அவர் தொடாத மூலை இல்லை. அவரைக் கோனி என்று கூப்பிடும் கணவர் ராஃபேல் அதைப் பற்றி அதிகம் பேசவில்லை. “கோனி கையில போன் இருந்தா ஊரு படத்துல இருக்கு, சோறு அடுப்புல இல்ல” என்று ஒருமுறை சொன்னார். அன்று அவரே ரொட்டி வாங்கப் போக வேண்டி வந்தது.

ராஃபேல் செம்பனைப் பழ லோரி ஓட்டி ஓய்ந்தவர். ஓய்ந்ததும் அவர் செய்த முதல் வேலை, வீட்டுக்குப் பின்னால் ஒரு கொட்டாய் போட்டது. நல்லசாமியும் அவரும் சேர்ந்து, இடித்த லயத்துத் தகரத்தைக் கூரையாக்கி, நடுவில் ஒரு கேரம் மேசை வைத்தார்கள். தூணில் மாதா படமும் முருகன் படமும் பக்கத்துப் பக்கத்தில் மாட்டினார்கள். மேலே ஒரு மின்விசிறி. அதற்கான ஒயர் பின்சந்தின் தலைக்கு மேலே பறந்து நல்லசாமியின் சமையலறைக்குள் போனது. சாயங்காலம் நாலைந்து பேர் கூடுவார்கள். ராஃபேலுக்கென்று பிரம்பு நாற்காலி ஒன்று. வேறு யாரும் அதில் உட்கார மாட்டார்கள். வேலைக்குப் போகிற காலத்தில் லோரியின் ஓட்டுநர் இருக்கை அவருக்கு எப்படியோ, இப்போது அந்த நாற்காலி அப்படி.

கொட்டாய்க்கு அடுத்தாற்போல் ஒரு பாரிட் ஓடும். தோட்டக் காலத்து வாய்க்கால் அது. அதைத் தாண்டினால் தாமானின் பூங்கா: புல்வெளி, சறுக்கு, ஊஞ்சல், சில மழைமரங்கள். வேலி கிடையாது. பாரிட்தான் எல்லை என்பது எல்லாருக்கும் தெரியும். தோட்டமாக இருந்தபோதே அதுதான் எல்லை. இந்தப் பக்கம் ஐந்தாம் நம்பர் காடு என்கிற பிரிவு, அந்தப் பக்கம் ஆறு. எந்தக் கும்பல் எங்கே புல் வெட்ட வேண்டும், யார் மாடு யார் காட்டில் மேய்ந்தது என்று மேற்பார்வையாளரான மண்டோர் தீர்ப்புச் சொன்னதெல்லாம் அந்தப் பாரிட்டை வைத்துத்தான். அதனால் பாரிட்டுக்கு இந்தப் பக்கம் இருந்த பட்டை நிலத்தில் ஒருவர் வாழை வைத்தார், ஒருவர் செரை என்கிற வாசனைப்புல் போட்டார், ராஃபேல் கொட்டாய் போட்டார். யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

குடியிருப்பாளர் சங்கம் பூங்கா வாசலில் ஒரு படப்பலகை வைக்கத் தீர்மானித்தபோதுதான் பிரச்சினை ஆரம்பித்தது. சங்கத்துச் செயலாளர் புஷ்பவள்ளி வீட்டுக்கே வந்து கேட்டார்.

“குடும்ப விளையாட்டு விழாவுக்குள்ள பலகை வேணுங்கக்கா. அச்சடிக்கிறவன்கிட்ட கேட்டா, எங்கிருந்தோ எடுத்து ஒரு பச்சைக் கட்டம் போட்டுத் தரேங்குறான். நீங்க வரைஞ்சது இருக்கும்போது எதுக்கு?”

கான்ஸ்டன்ஸுக்குக் காது வரைக்கும் சந்தோஷம். அன்றே பூங்காவைச் சுற்றி நடந்து, பாரிட்டை ஒட்டி ஒரு கோடு போட்டு, உள்ளே பச்சை நிரப்பினார். ‘இந்தத் தகவல் எங்கிருந்து கிடைத்தது?’ என்று கேட்ட கட்டத்தில் யோசிக்காமல் எழுதினார்: ஊருக்கே தெரியும்.

இரண்டு நாளில் பதில் வந்தது. சபாக்கிலிருந்து லோகேஸ்வரன் என்று ஒருவர். பள்ளி வேன் ஓட்டுகிறவர். வட சிலாங்கூரில் யார் என்ன வரைந்தாலும் ஒருமுறை பார்த்துவிடுவது அவருடைய பொழுதுபோக்கு.

‘வணக்கம் அக்கா. ரோடு, கோயில் எல்லாம் அழகா வரைஞ்சிருக்கீங்க. பார்க் எல்லைக்கு மட்டும் “ஊருக்கே தெரியும்”னு போட்டிருக்கீங்க. அந்த ஊரு எந்த வெப்சைட்டுல இருக்குன்னு சொன்னா நல்லாருக்கும்.’

“யாருங்க இவரு?” என்று கான்ஸ்டன்ஸ் கைப்பேசியை ராஃபேல் முகத்துக்கு நேரே நீட்டினார். “சபாக்குல உக்காந்துக்கிட்டு நம்ம பார்க்குக்கு எல்லை கேக்குறாரு.”

“வரச்சொல்லு. பாரிட்டக் காட்டுவோம். வேணும்னா உள்ள எறக்கியும் காட்டுவோம்.”

கோபம் ஆறியதும் கான்ஸ்டன்ஸ் அவரோடு போனில் பேசினார். மனுஷர் பொறுமையாகத்தான் விளக்கினார். கண்ணால் பார்ப்பதை யாரும் வரையலாம். பாரிட்டை வரையலாம், ஊஞ்சலை வரையலாம். வேலியே இல்லாத இடத்தில் பூங்கா எங்கே முடிகிறது என்பது கண்ணுக்குத் தெரிகிற சங்கதி இல்லை. அதற்கு ஒரு மூலம் வேண்டும்.

“அப்ப அந்தப் பெரிய கம்பெனி மேப்ல பச்சையா இருக்குல்ல, அதைப் பார்த்து வரைஞ்சிடட்டா?”

“ஐயோ அக்கா, அது அவங்க சொத்து. அதப் பார்த்து ஒரு கோடு போட்டாலும் தப்புதான். குடுக்குறவங்க, ‘யாரு வேணும்னாலும் எடுத்துக்கலாம், எதுக்கு வேணும்னாலும் பயன்படுத்தலாம்’னு வெளிப்படையா சொல்லியிருக்கணும். அதான் திறந்த தரவு.”

இதைப் புரிந்துகொள்ள கான்ஸ்டன்ஸுக்கு அதிக நேரம் ஆகவில்லை. நல்லசாமி வீட்டுக் கறிவேப்பிலை கை எட்டுகிற தூரத்தில்தான் இருக்கிறது. ஆனாலும், “அண்ணே, ரெண்டு கொத்து எடுத்துக்கிறேன்” என்று குரல் கொடுக்காமல் அவர் ஒருநாளும் பறித்ததில்லை. பதிலுக்குக் காத்திருந்துதான் பறிப்பார்.

தேடல் ஆரம்பித்தது. கேக் அடுப்பில் இருக்கும் நேரமெல்லாம் தேடல்தான். அரசாங்கத்தின் திறந்த தரவுத் தளம் ஒன்றில் பூங்காக்களின் பெயர்கள் வரிசையாக இருந்தன. தாமான் மெலோரும் இருந்தது. பெயர் உண்டு, பரப்பளவு உண்டு, எல்லை மட்டும் இல்லை. இன்னொரு தளத்தில் எல்லைகள் இருந்தன. கடலோரக் கண்டல் காடு, மலைக்காடு எல்லாவற்றுக்கும் வளைவு வளைவாகக் கோடுகள். ஊஞ்சல் உள்ள பூங்காவை அவர்கள் கணக்கிலேயே எடுக்கவில்லை. மூன்றாவதாக ஒரு பல்கலைக்கழகக் கோப்பில் எல்லாமே இருந்தது. கான்ஸ்டன்ஸ் கைதட்டிவிட்டார்.

லோகேஸ்வரன் அதையும் கெடுத்தார். “கீழ பாருங்கக்கா. படிப்புக்கு மட்டும்னு போட்டிருக்கு. நம்ம மேப்ப நாளைக்கு யாராச்சும் வியாபாரத்துக்கும் எடுப்பாங்க. ஒத்து வராது.”

“உங்க வீட்டுல உங்ககூட எப்படித்தாம்பா குடும்பம் நடத்துறாங்க?”

“அதான் வேன் ஓட்டப் போயிடறேன் அக்கா.”

கடைசியில் கான்ஸ்டன்ஸ் கோலசிலாங்கூருக்குப் பஸ் ஏறி, நகராண்மைக் கழகத்துக்கே போனார். கேக் எடுத்துப் போகலாமா என்று யோசித்து, லஞ்சம் என்று நினைத்துவிடுவார்கள் என்று வெறுங்கையோடு போனார். பூங்காப் பகுதியில் ரோஸ்னா என்ற அதிகாரி இருந்தார்; எல்லாரும் மரியாதையாகப் புவான் ரோஸ்னா என்றார்கள். கான்ஸ்டன்ஸ் தனக்குத் தெரிந்த மலாயில் எல்லாவற்றையும் சொல்லி முடித்தார். புவான் ரோஸ்னா, எல்லாப் பூங்காக்களின் எல்லையும் தங்களிடம் கோப்பாக இருப்பதாகவும், இதுவரை யாரும் வந்து கேட்டதில்லை என்றும் சொன்னார். கொடுப்பதில் தடை இல்லை, ஆனால் ‘யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம்’ என்று எழுத மேலிடம் சம்மதிக்க வேண்டும். லோகேஸ்வரன் அதற்கான வாசகத்தை நல்ல மலாயில் எழுதி அனுப்பினார். கொஞ்ச வாரம் இழுத்தது. விழாவுக்கு நாள் நெருங்கிக்கொண்டிருந்தபோது, கழகத்தின் தளத்தில் மாவட்டத்துப் பூங்கா எல்லைகள் மொத்தமும், யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்ற வரியோடு வந்து உட்கார்ந்தன.

அந்தக் காலையில் கான்ஸ்டன்ஸ் கோப்பைத் திறந்தபோது, பின்னால் ராஃபேல் தேநீர்க் குவளையோடு நின்றிருந்தார். வானிலிருந்து எடுத்த படத்தின் மேல் சிவப்புக் கோடு ஒன்று விழுந்தது. மழைமரங்களைச் சுற்றியது. சறுக்கைச் சுற்றியது. பாரிட் வரை வந்தது. நிற்கவில்லை. பாரிட்டைத் தாண்டி, வாழையைத் தாண்டி, செரையைத் தாண்டி, மினுங்கிக்கொண்டிருந்த ஒரு தகரக் கூரையையும் தாண்டி, பின்சந்தின் ஓரத்தில் போய்த்தான் நின்றது.

“கோனி, அந்தக் கோடு வழுக்கிருச்சுபோல.”

“கோடு வழுக்காதுங்க.”

“பாரிட்டத் தாண்டி எப்படிப் போகும்? இந்தப் பக்கம் அஞ்சாம் நம்பர் காடுலா!”

“வீடு கட்டுன கம்பெனிக்கு ஆறாம் நம்பரும் தெரியாது, அஞ்சாம் நம்பரும் தெரியாது. காகிதத்துல அளந்து வெட்டியிருக்காங்க. நம்மதான் பாரிட்டப் பார்த்துக்கிட்டே இருந்துட்டோம்.”

ராஃபேல் குவளையை மேசையில் வைத்தார். “அப்ப என் கொட்டாய்?”

“பார்க்குக்குள்ள இருக்கு.”

அவர் பின்பக்கம் போய், பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். கேரம் காய்களை அடுக்கினார், கலைத்தார், திரும்ப அடுக்கினார். பலகையில் இந்தக் கோடு அச்சாகும். விழாவுக்குக் கழகத்து ஆட்கள் வருவார்கள். பலகையைப் பார்ப்பார்கள், கொட்டாயைப் பார்ப்பார்கள். அடுத்து என்ன நடக்கும் என்பதற்குப் பெரிய கணக்கு எதுவும் வேண்டாம்.

மத்தியானம் நல்லசாமி வேலியோரம் வந்து நின்றார். சமாச்சாரம் அதற்குள் பரவிவிட்டது.

“தங்கச்சி, ஒரே ஒரு எடத்துல கோட்டக் கொஞ்சம் உள்ள தள்ளிடுங்களேன். இத்துனூண்டு. யாரு அளக்கப் போறா?”

“சபாக்குல ஒருத்தர் இருக்காரு அண்ணே.”

“சரி, அந்த ஒயரயாச்சும் படத்துல போட்டுடாதீங்க.”

கான்ஸ்டன்ஸ் முயன்று பார்க்கவில்லை என்று சொல்ல முடியாது. அன்று மாலை, கொட்டாய் இருக்கும் இடத்தில் கோட்டைப் பிடித்து லேசாக உள்ளே இழுத்தார். நேராக ஓடிய எல்லை அந்த ஓர் இடத்தில் யாரோ கடித்த பிஸ்கட் போல ஆனது. அதையே பார்த்துக்கொண்டிருந்தார். ஓட்டைக் கையுறையை நல்ல பெட்டியில் போட்டுவிட்டு வீட்டுக்குப் போன பழக்கம் அவருக்கு இல்லை. பலகையின் அடியில் எல்லை எங்கிருந்து கிடைத்தது என்று ஒரு வரி வரும். கேட்டு வாங்கிய கோட்டை வளைத்துவிட்டு, கொடுத்தவர்கள் பெயரை எப்படி அதன் கீழே போடுவது? கோட்டைப் பழைய இடத்துக்கே நகர்த்தினார். பிறகு திரையில் கொட்டாயை அழுத்தி, என்ன வகை என்று கேட்ட இடத்தில், ‘நிழற்கூடம், பொது’ என்று குறித்தார். பார்க்குக்குள் இருக்கும் கூரைக்கு வேறு பெயர் இல்லை.

“போட்டுட்டேங்க” என்று கொட்டாய் வாசலில் நின்று சொன்னார்.

“போடு. நான் மட்டும் பிரிக்க மாட்டேன்.”

அந்த வாரம் முழுவதும் ராஃபேல் கேக் ஓரங்களைச் சாப்பிடவில்லை. வெட்டி ஒதுக்கும் ஓரமெல்லாம் எப்போதும் அவருக்குத்தான். தட்டில் வைத்தால், “பல்லு வலி” என்றார். ஞாயிற்றுக்கிழமை பூசையில் பக்கத்தில்தான் உட்கார்ந்தார். சமாதான வாழ்த்துச் சொல்லும் நேரத்தில் மட்டும், முன்வரிசைக்காரருக்குக் கைகொடுத்துவிட்டுப் பின்வரிசையைத் தேடித் திரும்பிவிட்டார். கான்ஸ்டன்ஸ் கையை நீட்டிக்கொண்டே நின்று, கடைசியில் ஜெபப் புத்தகத்தை எடுத்துக்கொண்டார்.

விழா நாள் வந்தது. காலையிலேயே நல்லசாமி ஏணி போட்டு ஏறி, விசிறியையும் ஒயரையும் கழற்றிக்கொண்டு போய்விட்டார். கொட்டாய்க்குள் ராஃபேல் வியர்க்க வியர்க்க நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வெளியே சாக்கு ஓட்டமும் பலூன் உடைப்பும் நடந்துகொண்டிருந்தன. ஒலிபெருக்கியில் புஷ்பவள்ளி, “நாலாம் வரிசை வீட்டுக்காரங்க, சாக்குக்குள்ள ரெண்டு பேரு எறங்கக் கூடாது” என்று கத்திக்கொண்டிருந்தார்.

புவான் ரோஸ்னா வந்தார். நேராகப் பலகைக்குத்தான் போனார். விரலால் எல்லையைத் தொட்டுக்கொண்டே போனார். மழைமரம், சறுக்கு, பாரிட். விரல் பாரிட்டைத் தாண்டியது. நிமிர்ந்து கொட்டாய் இருந்த திசையில் பார்த்தார். பிறகு அங்கே நடக்க ஆரம்பித்தார். கான்ஸ்டன்ஸும் கூடவே நடந்தார். முட்டி அன்றைக்கென்று வலித்தது.

பாரிட்டின் மேல் போட்டிருந்த பலகைப் பாலத்தைத் தாண்டி, புவான் ரோஸ்னா கொட்டாய்க்குள் தலையை நுழைத்தார். மாதாவைப் பார்த்தார், முருகனைப் பார்த்தார், கேரம் மேசையைப் பார்த்தார். சிரித்த முகமாகவே, இது யாருடையது என்று மலாயில் கேட்டார்.

நல்லசாமி தன் செருப்பைப் பார்த்தார். கான்ஸ்டன்ஸ் வாயைத் திறப்பதற்குள் ராஃபேல் எழுந்துவிட்டார். ஒரு கையால் பிரம்பு நாற்காலியை இழுத்து, அதிகாரிக்கு நேரே போட்டார்.

“பார்க் புன்யா, புவான்” என்றார். பூங்காவினுடையது.

புவான் ரோஸ்னா அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். கொட்டாய் கட்டிய பிறகு ராஃபேல் அல்லாத ஒருவர் அதில் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. காற்று வருகிற இடம் என்றார். தகரத்தின் ஓரம் கூர்மையாக இருக்கிறது, பிள்ளைகள் கையைக் கிழித்துக்கொள்வார்கள், ஆள் அனுப்பி மடக்கிவிடச் சொல்கிறேன் என்றார். தூண்களையும் பார்க்க வேண்டும். பூங்காவினுடையது என்றால் பூங்காச் சொத்தில் சேர்க்க எழுதிப் பார்க்கிறேன், ஒத்துக்கொண்டால் பெஞ்சும் வரும். ஒன்றே ஒன்று, யார் வந்தாலும் உட்கார விட வேண்டும். ராஃபேல் தலையாட்டினார். கான்ஸ்டன்ஸ் ஓடிப்போய்க் கேக் எடுத்து வந்தார். இப்போது அது லஞ்சம் இல்லை, விழா.

அன்று வீட்டுக்கு வந்ததும் ராஃபேல் சமையலறையில் நின்று, ஓரத் துண்டுகளை ஒவ்வொன்றாக வாயில் போட்டுக்கொண்டார்.

“பல்லு வலி?”

“போயிருச்சு.”

“நாற்காலியையே குடுத்துட்டீங்க.”

“வேற என்ன செய்யச் சொல்ற? நீதான் எனக்கு முன்னாலயே படத்துல குடுத்துட்டியே.”

தகரத்தின் ஓரத்தை மடக்கினார்கள். ஒரு தூணுக்குச் சிமெண்ட் போட்டார்கள். பெஞ்சும் வந்தது. யாரும் எதிர்பார்க்காமல் வந்தவர்கள் சைக்கிள்காரர்கள். சனிக்கிழமை காலைகளில் கோலாலம்பூரிலிருந்து கிளம்பி, செம்பனைக்கு நடுவே ஓட்டி, கோலசிலாங்கூருக்கு மீன் சாப்பிடப் போகிற கூட்டம். அவர்களுடைய கைப்பேசியில் தாமான் மெலோரில் ஒரு நிழற்கூடம் தெரிந்தது. இறுக்கிப் பிடித்த வண்ண வண்ணச் சட்டையோடு வந்து இறங்கினார்கள். நாற்காலியில் உட்கார்ந்தார்கள். மாதா யார், முருகன் யார் என்று கேட்டார்கள். கான்ஸ்டன்ஸ் கேக்கைத் துண்டு போட்டு வைத்தார். அது நிமிஷத்தில் காலியானது. நல்லசாமி இளநீர் வெட்டினார்.

ராஃபேல் மட்டும் முனகிக்கொண்டே இருந்தார். காயை ஒளித்துவிட்டார்கள் என்பார். பவுடரைக் கொட்டிவிட்டார்கள் என்பார். ஆனால் வெள்ளிக்கிழமை சாயங்காலமே விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போய்விடுவார். இதற்குள் சைக்கிள்காரர்கள் வார நாள் மாலைகளிலும் தலைகாட்டத் தொடங்கிவிட்டார்கள்.

ஒருநாள் வந்து, “கோனி, அந்தப் படத்துல ஒண்ணு போடேன். சாயங்காலம் எங்க ஆட்டம் நடக்குற நேரம்னு” என்றார்.

“ஆதாரம்?”

“ஊருக்கே தெரியும்லா.”

கான்ஸ்டன்ஸ் அவரையே பார்த்தார். பிறகு தேநீரைக் குவளையில் ஊற்றிக்கொண்டு, “கண்ணால பார்த்தாப் போடலாம். நடங்க” என்று செருப்பை மாட்டினார்.

கொட்டாய் போட்ட நாளிலிருந்து ஒரு சாயங்காலமும் அவர் அங்கே உட்கார்ந்ததில்லை. நல்லசாமி பதறிப்போய்ப் பெஞ்சில் இடம் விட்டார். ஆட்டம் தொடங்கியது. சிவப்புக் காய் யாருக்கு என்று தகராறு வந்தது. நல்லசாமி எழுந்து வீட்டுக்குப் போவதாகச் சொன்னார். போகவில்லை. திரும்ப அடுக்கினார்கள். திரும்பத் தகராறு. பாரிட்டுக்கு அந்தப் பக்கம் ஊஞ்சலில் பிள்ளைகள் ஆடிக்கொண்டிருந்தார்கள். கான்ஸ்டன்ஸ் தேநீரைக் குடித்து முடித்துவிட்டுக் கைப்பேசியை எடுத்தார்.

“என்ன போடப் போற?” என்றார் ராஃபேல், காயிலிருந்து கண்ணை எடுக்காமல்.

“அதான் யோசிக்கிறேன். நீங்க ஆடுனது கொஞ்ச நேரம். மிச்சமெல்லாம் சண்டை. எதோட நேரத்தப் போடறது?”